அப்பாவுக்கு என்ன வாங்கலாம்?

நத்தார் நெருங்கியதும் நம் வீடுகளில் எழும் கேள்விகளில் மிகக் கடினமானது இதுதான். அம்மாவுக்கும் தங்கைக்கும் வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. என்ன பிடிக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்பாவிடமோ மாமாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கு ஒண்டும் வேண்டாம் பிள்ளை. காசைக் கரியாக்காதை." கடைசி நேரத்தில் ஸ்காபரோ ரவுன் சென்ரருக்கு ஓடி, ஒரு கழுத்துப்பட்டியோ வாசனைத் திரவியமோ வாங்கி வருகிறோம். அடுத்த நத்தாருக்கும் அது உறை பிரிக்காமல் அலுமாரியில் இருக்கும்.

பகுதி நேர வேலையில் உழைத்த காசு வீணாகிறதே என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நமது ஆண்களுக்கு உண்மையான தேவைகள் இருக்கின்றன. அவற்றை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் இல்லை. தாதியராக வேலை செய்யும் நாங்கள் இதை அடிக்கடி காண்கிறோம். தேய்ந்த சப்பாத்தோடு பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர், காலில் வந்த புண்ணை வீட்டாருக்கு மறைத்தவர், வைத்தியர் சொன்னது காதில் விழாமலே எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் என்று பலர் வருகிறார்கள். இவர்களுக்கு அன்பான பிள்ளைகள் இல்லாமல் இல்லை. அப்பாவுக்கு என்ன தேவை என்பது பிள்ளைகளின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பவுல் கேட்டது ஒரு மேலங்கி

வேண்டியதை நேரடியாகக் கேட்ட ஆண் ஒருவரை நாம் வேதாகமத்தில் காண்கிறோம். சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி கேட்கிறார். கூடவே புத்தகங்களும், முக்கியமாகத் தோல் சுருள்களும் வேண்டுமாம். மாரிகாலம் தொடங்குமுன் வந்துவிடு என்றும் சொல்கிறார். அத்தனை சபைகளை நாட்டிய அப்போஸ்தலனுக்கும் குளிர் குளிர்தான். ரொறன்ரோவில் நவம்பர் மாதம் பஸ்ஸுக்கு நிற்கும் எவருக்கும் இந்த வேண்டுகோள் புரியும்.

அன்னாளையும் நினைத்துப் பார்க்கலாம். ஆலயத்தில் விட்ட மகனுக்கு அவள் வருடந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். சாமுவேல் வளர்ந்துகொண்டிருந்தான், ஒவ்வொரு வருடமும் அளவு மாறியிருக்கும். தூரத்தில் இருந்த பிள்ளையின் அளவை அவள் மனதில் வைத்திருந்தாள். நம்மில் எத்தனை பேருக்கு அப்பாவின் சப்பாத்து அளவு தெரியும்?

ஆளைப் பார்த்துக் கொடுத்த பெட்டி

1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களில், பிரித்தானிய இளவரசி மேரியின் பெயரில் ஒரு நிதி திரட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 17. போர்முனையிலும் கடற்படையிலும் இருந்தவர்களுக்கு நத்தார் பரிசாகப் பித்தளைப் பெட்டி ஒன்றை அனுப்புவதே நோக்கம். அந்த நத்தாருக்கே நான்கு இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் போய்ச் சேர்ந்தன.

எல்லாருக்கும் ஒரே பொருளை அவர்கள் அடைக்கவில்லை. புகைப்பவர்களுக்குப் புகையிலையும் பைப்பும். புகைக்காதவர்களுக்கு இனிப்பும், கடிதம் எழுதும் தாள்களும் பென்சிலும். சீக்கியப் படைவீரர்கள் புகையிலையைத் தொடமாட்டார்கள் என்று அறிந்து அவர்களுக்குக் கற்கண்டும் ஒரு சிறு தகரப்பெட்டியில் வாசனைச் சரக்கும் வைத்தார்கள். போர்முனைத் தாதியருக்குச் சொக்கலேட் கிடைத்தது. புகையிலை நல்ல பரிசல்ல என்று இன்று நமக்குத் தெரியும். ஆனாலும் முகம் தெரியாத இலட்சக்கணக்கானோருக்குக் கொடுத்தபோதே, வாங்குகிறவர் யார் என்று அவர்கள் யோசித்தார்கள். பெட்டியும் வீண்போகவில்லை. உள்ளே இருந்தவை முடிந்த பின் பலர் அதில் கடிதங்களையும் சிறு பொருட்களையும் பாதுகாத்தார்கள்.

கேட்காமல் அறிவது எப்படி?

"என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்டும் வேண்டாம்" என்றுதான் வரும். ஆகவே ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். எதை ரேப் ஒட்டிப் பாவிக்கிறார்? எதைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறார்? எதைச் செய்யும்போது முனகுகிறார்? மருந்துப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்குகிறாரா? இவற்றை எழுதினால் பட்டியல் தயார். கேட்கத்தான் வேண்டுமென்றால் குறிப்பாகக் கேளுங்கள்: "அப்பா, வேலையிலை உங்கடை சாப்பாடு சூடாய் இருக்குதோ?"

பனிக்குச் சப்பாத்து

ரொறன்ரோ ஆணுக்கு மிகப் பயனுள்ள பரிசு எது என்று கேட்டால், நாங்கள் முதலில் சொல்வது வழுக்காத பனிச் சப்பாத்து. இதற்கு நமது நகரிலேயே ஒரு வழிகாட்டி இருக்கிறது. ரொறன்ரோ மறுவாழ்வு வைத்தியசாலையின் கைற் ஆய்வுக்கூடத்தில் பனிக்கட்டித் தளம் கொண்ட ஓர் அறை உண்டு. பாதுகாப்புப் பட்டி அணிந்தவர்கள் அந்தத் தளத்தில் ஏறி இறங்க, தளத்தைச் சிறிது சிறிதாகச் சரிக்கிறார்கள். உலர்ந்த பனிக்கட்டியிலும் உருகும் பனிக்கட்டியிலும் குறைந்தது 7 பாகைச் சரிவு வரை வழுக்காத சப்பாத்துக்கு ஒரு பனித்துகள் அடையாளம். அதைவிடச் சிறந்ததற்குக் கூடுதல் அடையாளங்கள். 2016ஆம் ஆண்டில் முதல் முடிவுகள் வெளியானபோது, கடைகளில் பனிச் சப்பாத்து என்று விற்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை ஓர் அடையாளம்கூடப் பெறவில்லை. முடிவுகளை 'ரேற் மை ரெட்ஸ்' என்ற பெயரில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். விலையையும் தோற்றத்தையும் நம்பி வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

அளவு பார்ப்பது பின்னேரத்தில் நல்லது. பகல் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். அடிப்பகுதி தேயத் தேயப் பிடிப்பும் குறையும் என்பதால் ஒரு சோடி ஆயுளுக்கும் போதாது. சப்பாத்தின் மேல் மாட்டும் ஆணிப் பட்டிகளும் உதவும். ஆனால் ஆலய வாசலிலோ கடை வாசலிலோ அவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டுத் தரையில் அவையே வழுக்கும்.

வேலைக்குப் போகிறவருக்கு

நம் அப்பாமாரில் அநேகர் தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் உணவகச் சமையலறையிலும் மணிக்கணக்காக நின்று வேலை செய்தவர்கள், இன்னும் செய்கிறவர்கள். பாதுகாப்புச் சப்பாத்து வாங்கினால் சி.எஸ்.ஏ. முத்திரையைப் பாருங்கள். பச்சை முக்கோணம் இருந்தால், விரல்களுக்கு உயர்தரப் பாதுகாப்பும் ஆணி ஏறாத அடிப்பகுதியும் உண்டு என்று பொருள். சமையலறையில் நிற்பவருக்கு எண்ணெயிலும் ஈரத்திலும் வழுக்காத அடிப்பகுதிதான் முக்கியம்.

இரவு வேலைக்காரருக்கு வாயகன்ற சாப்பாட்டுப் பிளாஸ்க் நல்லது. கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றையும் கறியையும் அடைத்தால் நெடுநேரம் சூடு நிற்கும். சூடான உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. கார் ஓட்டுகிறவருக்கு ஒரு சிறு மண்வெட்டி, நல்ல பனிச் சுரண்டி, பற்றறி இறங்கினால் காரைக் கிளப்பும் சிறு சாதனம் ஆகியவை பெப்ரவரி மாதத்தில் வாசனைத் திரவியத்தை விட இனிமையானவை.

உடல்நலப் பரிசுகளில் கவனம்

தெற்காசியர்களிடையே நீரிழிவும் இருதய நோயும் அதிகம். ஆகவே வீட்டில் பிறஷர் பார்க்கும் கருவி இருப்பது நல்லதே. மணிக்கட்டுக் கருவியை விட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. ஹைப்பர்டென்ஷன் கனடா பரிந்துரைக்கும் கருவிகளின் பட்டியலில் உள்ளதை வாங்குங்கள். மேற்கையின் நடுச் சுற்றளவை அளந்து, பொருத்தமான பட்டி உள்ளதா என்று பாருங்கள். சிறிய பட்டி பிறஷரைக் கூட்டிக் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இருதய மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். எண்களை எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். நாமே மருந்தைக் கூட்டுவதோ நிறுத்துவதோ கூடாது.

இந்தப் பரிசைக் கொடுக்கும் விதமும் முக்கியம். "நீங்கள் நோயாளி" என்று அது சொல்லக் கூடாது. வீட்டுக்கென்று வாங்கி, முதலில் நாமே கையை நீட்டினால் அப்பாவும் நீட்டுவார்.

நீரிழிவு உள்ளவருக்கு இறுக்கமான மேல்விளிம்போ உள்ளே உரசும் தையலோ இல்லாத காலுறைகள் பயன்படும். வெள்ளை நிறம் இன்னும் நல்லது. காலில் காயம் இருந்தால் கறை உடனே தெரியும். இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறைகளை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள். காலில் இரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அவை தீங்கு செய்யலாம். சுடுநீர்ப் பை, மின் வெப்பப் பட்டை, பாதம் சூடாக்கும் கருவி ஆகியவையும் வேண்டாம். உணர்ச்சி மங்கிய காலுக்குச் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் கண் காணும்.

பழக்கூடை கொடுப்பதென்றால் கிறேப்புறூட் என்ற பழத்தைத் தவிருங்கள். கொலஸ்ட்ரோலுக்கும் பிறஷருக்கும் எடுக்கும் சில மாத்திரைகளின் அளவை அது இரத்தத்தில் கூட்டிவிடும். இதைக் கண்டறிந்தவர்கள் நமது ஒன்ராறியோவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லியும் அவரது குழுவினரும்.

கண்ணும் காதும்

சில பரிசுகளைக் காகிதத்தில் சுற்ற முடியாது. 65 வயதைக் கடந்தவருக்குப் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனையை ஓஹிப் பொறுப்பேற்கிறது. வயது குறைந்தவரானாலும் நீரிழிவு இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை உண்டு. செவிக்கருவிக்கு ஒன்ராறியோ அரசின் ஏ.டி.பி. திட்டம் செலவில் 75 வீதத்தை, ஒரு கருவிக்கு 500 டொலர் என்ற எல்லை வரை தருகிறது. மிச்சத்தைச் சகோதரர்கள் சேர்ந்து பகிரலாம். நேரம் ஒதுக்கி, நாமே காரில் ஏற்றிக்கொண்டு போவதுதான் இதில் பரிசு. பேரப்பிள்ளையின் பாட்டைத் தெளிவாகக் கேட்கும் தாத்தாவின் முகம் வேறு எந்தப் பரிசுக்கும் அப்படி மலராது.

நம் ஆலயத்தில் தனியாக இருக்கிறவர்கள்

படிக்க வந்து நிலக்கீழ் வீட்டில் தங்கியிருக்கும் தம்பிமாரையும், மனைவியை இழந்து தனியே வாழும் ஐயாமாரையும் மறக்க வேண்டாம். முதல் பனிக்காலத்தைக் காணும் மாணவனுக்கு நல்ல கையுறையும், காசு ஏற்றிய பிரெஸ்ரோ அட்டையும் போதும். ஐயாவுக்குப் பெரிய எழுத்து வேதாகமமும் வாசிக்க ஒரு நல்ல மேசை விளக்கும் கொடுக்கலாம். யோப்பாவின் தொற்காள் விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தாள்; வாலிபர் சங்கமாகக் காசு சேர்த்தால் நமக்கும் அது கடினமல்ல.

கொடுத்த பிறகும் வேலை இருக்கிறது

நம் மூத்தவர்களில் பலர் புதிய பொருளை "நல்ல நாளைக்கு" என்று எடுத்து வைப்பார்கள். அதைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஒரு பையோடு வீட்டை விட்டவர்களுக்குப் புதுத் துவாய் என்பது பத்திரப்படுத்த வேண்டிய பொருள்.

ஆகவே பரிசைக் கையில் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். விலைச் சீட்டை வெட்டி, பற்றறி போட்டு, நாரைக் கட்டி, பாவிக்கும் நிலையில் வையுங்கள். அளவு சரியில்லாவிட்டால் மாற்றுவதற்குப் பரிசுப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பழைய சப்பாத்தை அவர் சம்மதத்தோடு அப்புறப்படுத்துங்கள். அது வாசலில் இருக்கும்வரை புதியது வெளியே வராது. இரண்டு வாரம் கழித்து, "கால் நோகுதோ அப்பா?" என்று கேளுங்கள்.

இந்த வாரமே ஒரு சின்ன வேலை செய்வோம். அப்பா தூங்கியபின் அவருடைய சப்பாத்தைத் திருப்பி, அடிப்பகுதி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்போம். அளவையும் குறித்துக்கொள்வோம். அனைவருக்கும் நத்தார் வாழ்த்துகள்!