தன்னை நம்ப வேண்டாம் என்று சொல்லும் கருவி

திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடி மலையில் மழை கொட்டினால், கீழே கல்லாற்றில் குளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது உடனே தெரியாது. அவர்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உருண்டைக் கற்களுக்கு நடுவே தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், மட்டம் ஏறும். உள்ளூர்க்காரர்கள் கலங்கலைக் கண்டதுமே கரையேறிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வெளியூரிலிருந்து சுற்றுலா வந்தவர்கள்தான்.

கல்லாறு போய்ச் சேரும் வாமனபுரம் ஆறு, செம்முஞ்சி மொட்டை மலையில் பிறந்து 88 கிலோமீட்டர் ஓடி அஞ்சுதெங்குக் காயலில் கலக்கிறது. வழியில் ஆற்றிங்கல் முதலிய ஊர்களுக்குக் குடிநீர் தருவது இந்த ஆறுதான். ஆறு கலங்கினால் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலும் படிகாரத்தின் அளவை மாற்றியாக வேண்டும். குறைத்துப் போட்டால் சேறு படியாமல் வடிகட்டி வரைக்கும் போய் அடைக்கும். கூட்டிப் போட்டால் காசும் விரயம், தண்ணீரின் அமிலத்தன்மையும் ஏறும். வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு படிகாரத்தைப் போட்டுக் கலக்கி, எதில் சேறு நன்றாகப் படிகிறது என்று பார்ப்பது பழைய முறை. இன்றும் பரவலாகப் பயன்படும் சோதனை அதுதான். ஆனால் நடு ராத்திரி இரண்டு மணிக்கு ஆறு கலங்கியதைச் சொல்ல, தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி அது சிதறுவதை அளக்கும் கலங்கல் மானி வேண்டும். அந்த மானி காட்டும் எண் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து சேர வேண்டும்.

எப்படி வந்து சேர்கிறது? தொழிற்சாலைக் கருவியியலின் பாதிச் சரித்திரம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் காற்று இருந்தது. மெல்லிய குழாயில் 3 முதல் 15 பிஎஸ்ஐ வரை காற்றழுத்தம். மட்டம் ஏறினால் அழுத்தம் ஏறும், அறையில் முள் நகரும். அடுத்து மின்சாரம் வந்தது. இரண்டு கம்பி, அதில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். தொட்டி காலியென்றால் 4, நிறைந்தால் 20, பாதியென்றால் 12. பூஜ்யத்தில் தொடங்காமல் நான்கில் தொடங்கியதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும். தொட்டி காலியா, கம்பி போச்சா என்ற குழப்பமே வராது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான ஆலைகள் இன்றும் இதில்தான் ஓடுகின்றன. ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் கையில் இருந்தால் எந்த டெக்னீஷியனும் இதைச் சோதித்துவிடலாம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. அந்தக் கம்பியில் ஓர் எண் மட்டுமே வரும். கலங்கல் மானியின் கண்ணாடியில் பாசி படிந்திருக்கலாம், உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம், பழுதுபார்க்க வந்தவர் அளவீட்டு எல்லையைத் தவறாக அமைத்துவிட்டுப் போயிருக்கலாம். கம்பியில் 8 மில்லி ஆம்பியர் ஓடினால், திரையில் அதற்குரிய எண் கம்பீரமாக நிற்கும். எண் வரும், எண்ணின் யோக்கியதை வராது.

1980-களின் நடுவில் அமெரிக்காவின் ரோஸ்மவுன்ட் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஓடும் மின்னோட்டத்தின் மீதே இரண்டு மெல்லிய அதிர்வுகளை ஏற்றியது. 1,200 ஹெர்ட்ஸ் என்றால் 1, 2,200 ஹெர்ட்ஸ் என்றால் 0. ஏற்றமும் இறக்கமும் சரிசமமாக இருப்பதால் சராசரி மின்னோட்டம் மாறுவதில்லை, பழைய அளவீடும் கெடுவதில்லை. பெல் 202 என்ற பழைய தொலைபேசி மோடத்தின் உத்திதான் இது. அமெரிக்க வீடுகளில் அழைப்பவரின் எண்ணைக் காட்டிய சின்னப் பெட்டிகளும் இதே முறையில்தான் வேலை செய்தன. ஹார்ட் என்று பெயர் பெற்ற இந்த வழியில் கருவி தன் வரிசை எண்ணையும், அளவீட்டு எல்லையையும், உடல்நிலையையும் சேர்த்துச் சொல்லும்.

கேட்பதற்குத்தான் ஆளில்லை. ஆலை தொடங்கும் நாளில் ஹேண்ட்ஹெல்ட் கருவியை மாட்டி ஒருமுறை அமைப்பார்கள், இணைப்புச் சோதனையான லூப் செக் முடியும், ஹேண்ட்ஹெல்ட் அலமாரிக்குள் போய்விடும். அதன்பின் பல ஆண்டுகள், அளவை அனுப்பும் அந்த டிரான்ஸ்மிட்டர் கம்பியில் பேசத் தயாராக இருந்தும், மறுமுனையில் அதைப் படிக்கும் அட்டையே இருக்காது. கோடிக்கணக்கான ஹார்ட் கருவிகளில் பெரும்பங்கின் கதை இப்படித்தான்.

எண்ணை மின்னோட்டமாக மாற்றுவதையே விட்டுவிட்டு, முழுக்க டிஜிட்டலாகவே போனால் என்ன என்ற யோசனைதான் ஃபீல்டுபஸ். ஒரே ஜோடிக் கம்பியில் பல கருவிகள் தொங்கும். மின்சாரமும் அதில்தான், பேச்சும் அதில்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் புரியாது. அதனால் டாக்டர் வீட்டில் டோக்கன் கூப்பிடுவதுபோல ஒரு கருவி முறைவைத்து மற்றவற்றைக் கூப்பிடும். ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ் எச்1 என்ற வகையில் வேகம் நொடிக்கு 31,250 பிட். கைப்பேசி யுகத்தில் இது நத்தை வேகம். ஆனால் தொட்டியின் மட்டமோ கொதிகலனின் அழுத்தமோ அதைவிட மெதுவாகத்தான் மாறும் என்பதால் போதும்.

இந்த யோசனைக்கு எந்த மொழியில் பேசுவது என்று முடிவாக உலகம் பட்ட பாடு தனிக்கதை. 1985 வாக்கில் சர்வதேசத் தரக் குழுக்கள் உட்கார்ந்தன. ஜெர்மானியர்களுக்கு ப்ரொஃபிபஸ், பிரெஞ்சுக்காரர்களுக்கு ஃபிப். 1994-இல் இரண்டு அணிகள் சேர்ந்து அமெரிக்காவில் ஃபீல்டுபஸ் ஃபவுண்டேஷன் உருவானது. கடைசியில் 2000-ஆம் ஆண்டு தொடங்கும் நேரத்தில் ஐஇசி 61158 என்ற ஒரே தரம் வந்தபோது, அதற்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத எட்டு வகைகள் இருந்தன. பதினைந்து வருடம் சண்டை போட்டு, கட்சிக்காரர்கள் எல்லாருக்கும் சீட்டு கொடுத்த கூட்டணி அது. ஆலைக்காரர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

விற்க வந்தவர்கள் சொன்ன கணக்கும் தயக்கத்தைக் கூட்டியது. கேபிள் மிச்சம், கேபிள் ட்ரே மிச்சம், கம்பிகளைப் பிரித்து இணைக்கும் மார்ஷலிங் கேபினெட் மிச்சம் என்றார்கள். புதிதாகக் கட்டும் ஆலைக்கு அது உண்மை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் கேபிள் ஏற்கெனவே கிடக்கிறதே, அதில் என்ன மிச்சம்? இந்தத் தொழில்நுட்பம் தவறான காரணத்தைச் சொல்லி விற்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். சரியான காரணத்துக்கு இரண்டு விபத்துகளைப் பார்க்கலாம்.

2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி. பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்றைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே திரவம் சுமார் 158 அடிக்கு ஏறியிருந்தது. மட்டம் காட்டும் டிரான்ஸ்மிட்டர் 8 அடிக்கும் சற்றுக் குறைவு என்றது. அதுமட்டுமல்ல, மட்டம் மெல்ல இறங்குவதாகவும் காட்டியது. உள்ளே இருந்த திரவத்தின் அடர்த்தி ஒன்று, கருவியை அமைத்தபோது வைத்திருந்த தரவு வேறொன்று. தனியாக அடித்திருக்க வேண்டிய உயர்மட்ட அலாரமும் அடிக்கவில்லை. திரவம் வழிந்து, ஆவி தீப்பற்றி, 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள்.

1984 டிசம்பர் 2 இரவு போபாலில் நடந்தது இதற்கு நேர் எதிர். யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டியில் 2 பிஎஸ்ஐ ஆக இருந்த அழுத்தம் இரவு 11 மணியளவில் 10 என்று காட்டியது. கருவி சரியாகத்தான் சொன்னது. ஆனால் பராமரிப்பு தேய்ந்துபோன அந்த ஆலையில் கருவிகளின் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓர் ஆலையில் பொய்யை நம்பினார்கள், இன்னோர் ஆலையில் மெய்யை நம்பவில்லை.

டிஜிட்டல் இணைப்பு இருந்திருந்தால் இரண்டும் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்வது அதிகப்படி. தவறான அடர்த்தியை ஊட்டப்பட்ட கருவிக்குத் தன் தவறு தெரியாது. ஆனால் அதற்குள் எந்த அடர்த்தி பதிந்திருக்கிறது என்று மேசையிலிருந்தே ஒருவர் பார்த்திருக்கலாம். போபாலில் அழுத்தமானியின் எண்ணோடு சேர்ந்து அதன் உடல்நிலையும் வந்திருந்தால், ‘இந்த எண் நம்பத்தக்கது’ என்பதற்கு ஒரு சாட்சி இருந்திருக்கும். ஐரோப்பிய ஆலைகளின் கூட்டமைப்பான நாமூர் வகுத்த என்ஈ 107 என்ற பரிந்துரை இதைத்தான் நான்கு நிறத்தில் சொல்கிறது. சிவப்பு என்றால் கருவி பழுது. ஆரஞ்சு, சோதனை நடக்கிறது. மஞ்சள், அளவீடு வரம்புக்கு வெளியே. நீலம், இன்னும் ஓடும், ஆனால் பராமரிப்பு வேண்டும். கன்ட்ரோல் வால்வின் தண்டு உரசத் தொடங்குவதும், ஓட்டமானியின் மின்முனையில் அழுக்குப் படிவதும், அழுத்தக் குழாய் அடைபடுவதும் உற்பத்தி நிற்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

இதன் மறுபக்கம் மழைக்காலத்தில் தெரியும். எச்1 கம்பியின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்ற சின்னப் பொருள் இருக்க வேண்டும். உள்ளே 100 ஓம் தடையும் ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், அவ்வளவுதான். ஒன்று குறைந்தாலும் கோளாறு, மூன்றாவதாக ஒன்று சேர்ந்தாலும் கோளாறு. தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழையில் ஜங்ஷன் பாக்ஸின் ரப்பர் சீல் விட்டுப்போய் உள்ளே தண்ணீர் இறங்கினால், பழைய முறையில் ஒரு கருவி போகும். இங்கே அந்தக் கம்பியில் தொங்கும் பத்துப் பன்னிரண்டும் ஒன்றாகத் தடுமாறும். அதுவும் சீராகப் போகாது, விட்டுவிட்டுப் போகும். மல்டிமீட்டரை வைத்தால் மின்னழுத்தம் சரியாகவே காட்டும். அலையின் வடிவத்தைப் பார்க்கும் கருவியும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இருபது வருடம் மல்டிமீட்டரோடு வாழ்ந்த ஒரு நல்ல டெக்னீஷியனை ஒரே நாளில் கற்றுக்குட்டியாக்கிவிடும் மாற்றம் இது. பயிற்சிக்கு ஒதுக்கும் பணம்தான் பெரும்பாலும் முதலில் வெட்டப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆள் தயாரிக்கும் மரபு தமிழ்நாடு, கேரளப் பக்கத்தில் புதிதல்ல. சென்னை குரோம்பேட்டை எம்ஐடி 1949-இல் தொடங்கியபோதே கருவித் தொழில்நுட்பம் அங்கே ஒரு படிப்பாக இருந்தது. திருவனந்தபுரத்தில் கே.பி.பி. நம்பியார் தலைமையில் 1973-இல் பிறந்த கெல்ட்ரான், மாநில அரசு தொடங்கிய முதல் மின்னணு நிறுவனம். அதன் ஆராய்ச்சிக் கிளையாகத் தொடங்கிய இஆர்&டிசி பின்னாளில் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக்கோடு இணைந்தது. தொழிற்சாலைத் தானியக்கத்துக்கென்றே ஆஸ்டெக் என்ற மையம் இன்று திருவனந்தபுரம் சி-டாக்கில் இருக்கிறது. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் கன்ட்ரோல் வால்வு செய்கிறது. அதே ஊரில்தான் ஓட்டமானிகளைச் சோதித்துச் சான்று தரும் எஃப்சிஆர்ஐ.

கருவி பேசக் கற்றுக்கொண்டால், அதன் வாயில் வேறொருவர் வார்த்தையைப் போடவும் முடியும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீம்பொருள், ஈரானின் நதான்ஸ் செறிவூட்டும் ஆலையில் ப்ரொஃபிபஸ் வழியாகக் கட்டுப்படுத்தப்பட்ட மோட்டார்களின் வேகத்தைக் குலைத்தது. அதன் ஒரு பகுதி, எல்லாம் ஒழுங்காக இருந்த நேரத்து அளவீடுகளைப் பதிவு செய்துகொண்டு, தாக்குதல் நடக்கும்போது அதையே திரும்ப ஓட்டிக் காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. கூடங்குளத்தில் 2019-இல் தீம்பொருள் நுழைந்ததாகச் செய்தி வந்தபோது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான ஒரு கணினி, உலைக் கட்டுப்பாட்டு வலை தனியாகப் பிரிந்தது என்று அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று விளக்கியது. அந்தப் பிரிவினை எந்த ஆலையிலும் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. வசதிக்காக யாரோ செருகிவிட்டு மறந்த ஒரு கேபிள் போதும், பிரிவினை போய்விடும்.

இப்போது பேச்சு ஈதர்நெட்-ஏபிஎல் பற்றி. 2021-இல் அறிமுகமான இது, பழைய ஃபீல்டுபஸ் கேபிளிலேயே நொடிக்கு ஒரு கோடி பிட் வேகத்தில் ஓடும், ஆயிரம் மீட்டர் வரை போகும். வெடிக்கும் ஆவி உள்ள இடத்திலும் வைக்கலாம். கம்பி இழுக்க முடியாத இடத்துக்கு 2007-இல் வந்த வயர்லெஸ்ஹார்ட் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் கருவிகள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியை வாங்கிக் கடத்தும். எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் வெட்டவெளியில் அது அருமை. ஈரக் காடு அடர்ந்த பொன்முடிச் சரிவு போன்ற இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அவ்வளவு தெம்பு இருக்காது.

வாமனபுரம் ஆற்றங்கரையில் உள்ளது போன்ற ஒரு குடிநீர் நிலையத்துக்கு இவற்றில் எது பொருந்தும்? முப்பது நாற்பது கருவிகளுக்காக முழு ஃபீல்டுபஸ் வாங்குவது வீண். கருவிகள் ஹார்ட் பேசக்கூடியவையானால், இருக்கும் 4-20 கம்பிகளை அப்படியே விட்டு, மறுமுனையில் ஹார்ட் படிக்கும் அட்டைகளை மட்டும் போட்டால், கலங்கல் மானியின் கண்ணாடி மங்குவதும் குளோரின் உணரி தேய்வதும் திரையிலேயே தெரிந்துவிடும். ஆனால் டெண்டரில் வழக்கமாக விட்டுப்போகும் இரண்டு வரிகளையும் சேர்க்க வேண்டும். ஒன்று, கருவிகளின் நிலைச் செய்திகளைத் தினமும் பார்த்துக் கையெழுத்திட ஒரு பணியிடம். மற்றொன்று, அந்தப் பணியில் இருப்பவர் கஞ்சிக்கோடு போன்ற இடத்தில் போய்ப் பயிற்சி பெறுவதற்கான செலவு.