தலையில்லாக் குதிரைவீரனும் சீசரின் மாவு ஆலையும்

நியூயார்க் நகருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், பொக்காண்டிகோ என்ற சிற்றாறு ஹட்சன் ஆற்றோடு சேரும் இடத்தில் இருக்கிறது பிலிப்ஸ்பர்க் மேனர் பண்ணை. வெள்ளையடித்த கல் மாளிகை, ஆற்றை மறித்த அணை, அணைக்குப் பின்னால் தேங்கிய குளம், கரையோரம் தண்ணீரின் விசையில் ஓடும் மர ஆலை. ஊரின் பெயர் ஸ்லீப்பி ஹாலோ. தலையில்லாத குதிரைவீரனின் பேய்க்கதை பிறந்த மண் இதுதான். முன்பு வட டாரிடவுன் என்றிருந்த பெயரை, அந்தக் கதைக்காகவே 1996-இல் ஊரார் வாக்களித்து மாற்றிக்கொண்டார்கள். அக்டோபரில் ஹாலோவீன் நெருங்கினால் தெருக்களில் கூட்டம் தாங்காது.

பண்ணையை உருவாக்கியவர் ஃபிரெடெரிக் பிலிப்ஸ். நெதர்லாந்திலிருந்து தச்சராக வந்து, வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர். அவருடைய மனைவி மார்கரெட் ஹார்டன்புரூக் சொந்தமாகக் கப்பல்கள் வைத்திருந்த வணிகர். 1693-இல் ஆங்கில அரசு பிலிப்ஸுக்கு, ஜமீன் போன்ற உரிமை தரும் மேனர் பட்டயத்தை வழங்கியது. சுமார் 52,000 ஏக்கர் நிலத்தில் குத்தகைக் குடியானவர்கள் கோதுமை விளைவித்தார்கள். அது அரைபட்டது பண்ணை ஆலையில். மாவு பீப்பாய்களில் அடைபட்டு, ஹட்சன் வழியே நியூயார்க் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் போனது.

ஆலை வேலை செய்யும் விதம் பார்க்கப் பார்க்க அலுக்காது. மதகைத் திறந்ததும் குளத்து நீர் சக்கரத்தைத் தள்ளுகிறது. சக்கரத்தின் அச்சில் பூட்டிய மரப் பற்சக்கரங்கள், அந்த மெதுவான சுழற்சியை வேகமாக்கி மேல்கல்லுக்குக் கொண்டுபோகின்றன. அடிக்கல் அசையாது. மேல்கல்லின் நடுக்குழியில் விழும் தானியம், கற்களில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் வழியே விளிம்பை நோக்கி நகர்ந்து, மாவாக வெளியே கொட்டுகிறது. இரண்டு கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் எல்லாம். நெருங்கினால் உராய்ந்து மாவு தீய்ந்துபோகும். விலகினால் வெறும் நொய் விழும். ஆலைக்காரர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைத் தேய்த்துப் பார்த்தே இடைவெளியைச் சரிசெய்வார். கல் மழுங்கினால், நம் வீடுகளில் அம்மி கொத்துவதைப் போல, மேல்கல்லைப் புரட்டிப் போட்டு வரிகளை உளியால் மறுபடி கொத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் பழகினால் ஒழியக் கைவராத தொழில் இது.

அந்தத் தொழிலை இங்கே கையில் வைத்திருந்தவர் அடிமை ஒருவர். பெயர் சீசர். பிலிப்ஸ் குடும்பம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விற்ற குடும்பம். மடகாஸ்கர் வரை அவர்களுடைய கப்பல்கள் போயின. ஃபிரெடெரிக்கின் மகன் அடால்ஃப் 1750-இல் இறந்தபோது எழுதப்பட்ட சொத்துப் பட்டியலில் மாடுகள், கட்டில்கள், பாத்திரங்களோடு 23 மனிதர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். பண்ணை அன்றாடம் நடந்ததே அவர்களுடைய உழைப்பில்தான். உரிமையாளர்களோ பெரும்பாலும் நகரத்தில் இருந்தார்கள். அமெரிக்கப் புரட்சியில் இந்தக் குடும்பம் இங்கிலாந்து மன்னரின் பக்கம் நின்றதால், 1779-இல் சொத்து முழுவதும் பறிமுதலானது.

பேய்க்கதை முளைத்ததும் அதே போரில்தான். பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானியப் படைகளை ஹெஸியர் என்பார்கள். பீரங்கிக் குண்டில் தலை போன ஹெஸியக் குதிரைவீரன் ஒருவன், பண்ணைக்கு எதிரேயுள்ள பழைய டச்சு தேவாலயத்தின் கல்லறையிலிருந்து இரவில் கிளம்பித் தன் தலையைத் தேடுகிறான் என்பது கதை. இதற்கு வரலாற்றிலும் ஒரு சாயல் உண்டு. 1776-இல் இந்த வட்டாரத்தில் நடந்த சண்டையில் ஹெஸியப் பீரங்கி வீரன் ஒருவனின் தலையைக் குண்டு பறித்துச் சென்றதை, அமெரிக்கத் தளபதி வில்லியம் ஹீத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் சிறுவயதில் இந்தப் பக்கம் சுற்றியவர். 1820-இல் அவர் வெளியிட்ட கதையில், இக்கபாட் கிரேன் என்ற பள்ளி ஆசிரியரை நள்ளிரவில் குதிரைவீரன் துரத்துகிறான். பாலத்தருகே தலை போன்ற ஒன்றை வீசி எறிகிறான். மறுநாள் அங்கே உடைந்த பூசணிக்காய் கிடக்கிறது. அந்தப் பாலம் இன்று இல்லை.

இந்தக் கதைக்கும் ஆலைக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. ஸ்லீப்பி ஹாலோவைப் பற்றி 1839-இல் எழுதிய கட்டுரையில் இர்விங், அந்தப் பள்ளத்தாக்கின் பழைய ஆலை ஒன்றில், தலையெல்லாம் மாவு படிந்த கறுப்பின முதியவர் ஒருவரிடம் தம் கற்பனைப் பாத்திரமான வரலாற்றாசிரியர் கதை கேட்டதாகச் சொல்கிறார். குதிரைவீரன் கதை கிடைத்ததில் அந்த முதியவருக்கும் பங்குண்டு என்கிறார். கட்டுரை பாதி கற்பனை கலந்ததுதான். அது எந்த ஆலை என்றும் சொல்லவில்லை. ஆனாலும் ஹட்சன் கரையின் ஆலைகளில் உழைத்தவர்கள் யார், கதை சொன்னவர்கள் யார் என்பதை அந்த எழுத்தாளர் மறைக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த புகழில்தான் அந்த முதியவர் காணாமல் போனார்.

ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் நிதியால் பண்ணை மீட்கப்பட்டு 1943-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விரிவான ஆய்வுக்குப் பிறகு, ஆலையும் சேர்த்து 18-ஆம் நூற்றாண்டுத் தோற்றத்தில் 1969-இல் மறுபடி திறந்தார்கள். நெடுங்காலம் செல்வக் குடும்பத்தின் வீடாகவே காட்டப்பட்ட இடம் இது. அண்மைப் பத்தாண்டுகளில் சீசரும் பட்டியலிலுள்ள மற்றவர்களும் கதையின் நடுவுக்கு வந்திருக்கிறார்கள்.  சாலையைக் கடந்தால் டச்சு தேவாலயம். அதை ஒட்டிய இடுகாட்டில் 1859-இல் இறந்த இர்விங்கின் கல்லறை இருக்கிறது.