வீட்டில் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட பிரசங்கம், திங்கட்கிழமை காலை நம் அடுப்படி வரை வந்து சேருகிறதா? சகோதரிகளே, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்!

எங்கள் கடம்பத்தூரில் பொழுது விடியும் முன்பே ரயில் சத்தம் ஆரம்பித்துவிடும். கணவருக்கு ஷிப்ட், பெரியவனுக்குப் பள்ளிக்கூடம், சின்னவளுக்குப் பால், மாமியாருக்கு மாத்திரை. இதற்கு நடுவே வேதத்தைத் திறக்க நேரம் எங்கே? எங்கள் பெண்கள் கூட்டத்தில் ஒரு இளம் தாய் கேட்டேவிட்டாள். "என்னக்கா, பைபிள்ல பாதி ராஜாவும் யுத்தமுமா இருக்கு. உலை வைக்கிற நமக்கு அதுல என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. நமக்கென்று நிறையவே இருக்கிறது. இங்கே மூன்று பேரை மட்டும் பார்ப்போம். ஒருத்தி கடன்காரி, ஒருத்தி பால் கொடுக்கும் தாய், ஒருவர் மனம் உடைந்து போனவர்.

எண்ணெய்க் குடம்

எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் தெய்வபக்தியுள்ளவர், ஆனால் கடனை வைத்துவிட்டு இறந்துபோனார். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். ஏதோ பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியுமா? முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு செங்கல் சூளையில் மாட்டிக்கொண்டவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே வந்திருக்கின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டமே வந்தது.

எலிசா அவளிடம் முதலில் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். இருந்தது கொஞ்சம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகள் பாத்திரம் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவள் வார்த்தாள். பாத்திரம் தீர்ந்தபோதுதான் எண்ணெய் நின்றது. அதை விற்று முதலில் கடனை அடை, மீதியில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள் என்றார் தீர்க்கதரிசி.

இதில் நமக்குப் பாடங்கள் பல. முதலாவது, அவள் கடனை மறைக்கவில்லை, நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னாள். நம்மில் எத்தனை பேர் ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கி, அதை வீட்டுக்காரருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடக்கிறோம்! இரண்டாவது, பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். வீட்டு நிலைமை வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்தால் தப்பில்லை. மூன்றாவது, கையில் பணம் வந்ததும் முதல் பங்கு கடனுக்கே போயிற்று, சேலைக்கு அல்ல.

நம் உரிமைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதிகளின்படி, நுண்கடன் வாங்கிய குடும்பம் மாதாமாதம் கட்டவேண்டிய எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து, அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது. மிரட்டவும் கூடாது. கடன் வசூலில் வற்புறுத்துவதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டிலும் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆகவே வாசலில் நின்று யாராவது சத்தம் போட்டால், தலைகுனிந்து அழ வேண்டியதில்லை. வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் மானத்தை அடகு வைத்துக் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஒரே ஒரு கட்டில்

"அதெல்லாம் அற்புதம் நடந்த காலம்க்கா" என்பீர்கள். சரி, நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. நம் ஸ்டேஷனில் ரயிலேறி அரக்கோணம் தாண்டினால் காட்பாடி, அதையடுத்து வேலூர். நம்மில் பலர் வைத்தியத்துக்குப் போய் வந்த இடம்தானே?

1890-களில் திண்டிவனத்தில், மிஷனரி டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண், ஊரைவிட்டு எப்போது போவோம் என்று காத்திருந்தாள். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாருக்கும் பிரசவ வேதனை. "அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள்" என்றாள் ஐடா. வேற்று ஆண் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவளை மாற்றியது.

அமெரிக்கா சென்று 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்குத் திரும்பி வந்தார். அப்போது அவரிடம் இருந்தது என்ன? தங்கியிருந்த வீட்டில் ஒரே ஒரு கட்டில், உதவிக்கு அந்த வீட்டோடு இருந்த சலோமி. அதுதான் எண்ணெய்க் குடம்! 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். பெண்கள் தேறமாட்டார்கள் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போகும்படி, 1922-ல் முதல் அணியில் 14 பேர் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள்.

இல்லாததை எண்ணிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டில் வெறும் கட்டிலாகவே கிடந்திருக்கும், அல்லவா?

அன்னாளும் எல்க்கானாவும்

சாமுவேலின் தாய் அன்னாளை, பிள்ளை வரம் கேட்டு அழுதவளாகவே நமக்குத் தெரியும். பிள்ளை பிறந்த பிறகு அவள் செய்ததைக் கவனித்தீர்களா? குடும்பம் முழுவதும் சீலோவுக்கு வருஷப் பலி செலுத்தப் புறப்பட்டது. அன்னாள் போகவில்லை. குழந்தை பால் மறக்கும்வரை வீட்டிலேயே இருந்தாள். ஆலயத்துக்கு வராதது அவபக்தி என்று யாரும் சொல்லவில்லை. அவள் கணவர் எல்க்கானாவும், உனக்கு நல்லதாகப் பட்டபடியே செய் என்று விட்டுவிட்டார். இப்படிப்பட்ட கணவருக்கு ஒரு கும்பிடு போடலாம்!

இளம் தாய்மார்களே, குழந்தைக்குப் பால் கொடுப்பதும் ஓர் ஊழியம்தான். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு குழைத்த சாதம், பருப்பு, மசித்த காய்கறியோடு இரண்டு வயது வரையிலும், முடிந்தால் அதற்கு மேலும் கொடுக்கலாம். குழந்தை அழுகிறது என்று கோயிலில் பின்னால் உட்கார வேண்டியிருந்தால் சங்கடப்படாதீர்கள்.

தாயின் உடம்பும் முக்கியம். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியை வழித்துச் சாப்பிடுவது தியாகம் அல்ல. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை உங்கள் தட்டிலும் இருக்கட்டும். நர்ஸ் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் போடாதீர்கள். அதை டீ, காபியோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொண்டால் நன்றாக உடம்பில் சேரும்.

சூரைச்செடியின் கீழே

கடைசியாக, எலியா. கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி. அடுத்து வந்தது யேசபேலின் மிரட்டல். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார் அந்த மகா தீர்க்கதரிசி.

தேவதூதன் என்ன செய்தான்? "உனக்கு விசுவாசம் போதாது" என்று அதட்டினானா? இல்லவே இல்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். அதற்குப் பிறகே நெடும் பயணம்.

பிள்ளை பெற்ற வீட்டில் இதை நான் சத்தம் போட்டே சொல்வேன். "குழந்தை நல்லாத்தானே இருக்கு, இவ ஏன் அழுதுகிட்டே இருக்கா? ஜெபம் பண்றதில்ல, அதான்" என்று பேசும் மாமியார்களும் பெரியம்மாக்களும் கேளுங்கள். பிரசவமான முதல் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கு உண்டு. தூக்கமும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், குழந்தையைத் தூக்கவே மனமில்லாவிட்டால் அது நோய். பாவமும் இல்லை, பேயும் இல்லை. உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். சாகவேண்டும் என்ற பேச்சோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயமோ இருந்தால், ஒரு மணி நேரம்கூட அவளைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 104-லும் பேசலாம்.

ஜெபியுங்கள், நிச்சயம் ஜெபியுங்கள். கூடவே ஒரு டம்ளர் கஞ்சியோடு போய், "கண்ணு, பாப்பாவை நான் பார்த்துக்கறேன், நீ ரெண்டு மணி நேரம் தூங்கு" என்று சொல்லிப் பாருங்கள். அன்று தேவதூதன் செய்த வேலை அதுதான்.

இந்த வாரம் உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற வீடு எது, கடனில் தவிக்கும் வீடு எது என்று யோசியுங்கள். பிறகு உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் நேரம், காது கொடுத்துக் கேட்கும் மனசு. இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.