எல்இடிக்குள் ஒரு பந்தி நெரிசல்

"25,000 மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வாங்கிய எல்இடி பல்பு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லையே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போன பல்பைக் கழற்றி, அதன் வெள்ளை மூடியைத் திறந்து பாருங்கள். அலுமினியத் தகட்டின் மேல் மஞ்சள் சதுரங்களாக எல்இடிகள் இருக்கும். ஏதாவது ஒன்றின் நடுவில் கடுகளவு கருப்புப் புள்ளி தெரியும். பெரும்பாலும் எல்லாம் ஒரே சரமாகக் கோத்தவை என்பதால், ஒன்று கருகினால் மொத்தமும் அணைந்துவிடும். பெட்டியில் உள்ள மணிக்கணக்கோ, பெரும்பாலும் எல்இடியின் வெளிச்சம் 70 சதவீதமாக மங்க ஆகும் காலத்தின் மதிப்பீடு. இப்படிக் கருகுவது அந்தக் கணக்கில் வராது.

மலிவு பல்புகளில் எல்இடிகளைக் குறைத்துவிட்டு, இருப்பவற்றில் மின்னோட்டத்தை ஏற்றுகிறார்கள். ஆனால் மின்னோட்டத்தை இரட்டித்தால் வெளிச்சம் இரட்டிப்பதில்லை. இங்கேதான் அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

எல்இடியின் உள்ளே கல்யாணப் பந்தி ஒன்று நடக்கிறது என்று வையுங்கள். எலெக்ட்ரான்கள் விருந்தாளிகள், எலெக்ட்ரான் இல்லாத இடங்களான துளைகள் காலி நாற்காலிகள். விருந்தாளி உட்கார்ந்ததும் விடும் ஆசுவாசப் பெருமூச்சுதான் ஒளி. கூட்டம் அளவோடு இருக்கும்வரை சரி. முண்டியடித்தால், உட்காருகிறவரின் முழங்கை பக்கத்தில் நிற்பவரை இடிக்கிறது. பெருமூச்சாக வர வேண்டியது இடியாகப் போய்விடுகிறது. இடிபட்டவர் தடுமாறி, நாலு பேர் மேல் மோதி, இலையில் சாம்பாரைக் கொட்டி அடங்குகிறார். அந்த ரகளைதான் வெப்பம்; எல்இடி கருகுவதில் அதற்கும் பங்குண்டு. ஆற்றல் ஒளியாகாமல் இப்படி இன்னொரு எலெக்ட்ரானுக்குப் போவதற்கு ஓஷே மறுசேர்க்கை என்று பெயர்.

நம் வெள்ளை பல்புகளுக்கு அடிப்படையான நீல எல்இடிக்காக விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவரும் 2014இல் நோபல் பெற்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகம், பிரான்சின் எகோல் பாலிடெக்னிக் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இடிபட்டுத் தெறித்த எலெக்ட்ரான்களை நேரடியாக அளந்து காட்டியதுதான் என்னைப் பரவசப்படுத்துகிறது.

நெரிசலுக்கு மருந்து, பந்திகளைக் கூட்டுவது. பிலிப்ஸ் நிறுவனம் துபாய் நகராட்சிக்காக 2016இல் செய்த பல்பு அதைத்தான் செய்கிறது. எல்இடிகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் சொற்பம். 3 வாட்டில் 600 லூமென் வெளிச்சம், அதாவது வாட்டுக்கு 200. நம் கடைகளில் கிடைக்கும் 9 வாட் பல்பு சுமார் 900 லூமென் தருகிறது, வாட்டுக்கு 100தான்.

'மின்சார சேமிப்பு' என்று பெட்டியில் எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும், வீட்டுக்கானாலும் அலுவலகத்துக்கானாலும், லூமெனை வாட்டால் வகுத்துப் பார்த்து வாங்குங்கள். காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள் சாதாரண எல்இடி பல்பைப் பொருத்தாதீர்கள். அங்கே தேங்கும் சூட்டில் எல்இடிக்கு மின்னோட்டத்தைச் சீராகக் கொடுக்கும் டிரைவர் சுற்றின் கெப்பாசிட்டர் காய்ந்துபோகும். எல்இடி நன்றாக இருந்தும் பல்பு எரியாது.