கடன் எப்போதோ ரத்தாகிவிட்டது

ஒட்டன்சத்திரத்திலிருந்து பரப்பலாறு அணையைக் கடந்து மேலே ஏறினால் காபியும் மிளகும் மலைவாழையும்தான். பாச்சலூர், கே.சி.பட்டி, பெரும்பாறை, தாண்டிக்குடி என்று பழனி மலையின் கீழ்மலை முழுக்கத் தோட்டத்தை நம்பிய பிழைப்பு. களையெடுப்பு, கவாத்து, மருந்தடிப்பு, காபிப் பழம் எடுப்பு, ஏணி போட்டு மிளகு பறிப்பு, இரவில் காவல் என்று ஆண்டு முழுக்க ஆள் தேவை. ஆளைப் பிடித்துவைக்க விவசாயத்தில் நெடுங்காலமாக இருக்கும் வழி முன்பணம்.

முன்பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமல்ல. அது எந்த இடத்தில் குற்றமாகிறது என்பதைத்தான் தொழிலாளியும் தோட்டக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். மகளின் பிரசவத்துக்கு 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கணவனும் மனைவியும் ஒரு தோட்டத்தில் காவலுக்கு வந்து தங்குகிறார்கள். கணக்கு நோட்டு முதலாளியிடம். பற்று வரிசையில் அரிசி, மாத்திரை, பஸ் செலவு எல்லாம் ஏறுகிறது. வரவு வரிசையில் நாள் கூலி எவ்வளவு என்றே எழுதவில்லை. காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி இல்லாததோடு, மாற்று ஆளுக்குக் கொடுத்த பணமும் பற்றில் ஏறுகிறது. ஆண்டு முடிவில் 15,000 என்பது 22,000 ஆகிவிட்டது. ஊரில் சாவு விழுந்தால் கணவன் மட்டும் போகலாம், மனைவி இங்கேயே இருக்கவேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கூலி அதிகம் என்று கேட்டால், ‘கடனை வைத்துவிட்டுப் போ’ என்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை, பூட்டிவைக்கவில்லை. ஆனாலும் இது கொத்தடிமைத்தனம்தான்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. கடனுக்கோ முன்பணத்துக்கோ ஈடாக ஒருவர் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்கவேண்டியிருந்தால், வேறு வேலைக்குப் போகமுடியாமல் இருந்தால், நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமல் இருந்தால், தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்கமுடியாமல் இருந்தால், இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், அது கொத்தடிமை முறை. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

அந்தச் சட்டத்தில் நம் மக்கள் காதுக்குப் போய்ச் சேராத ஒரு வரி உண்டு. கொத்தடிமைக் கடன் ரத்து. தவணை வைத்துக் கட்டத் தேவையில்லை, பாதி கட்டத் தேவையில்லை, முழுவதும் செல்லாது. ரத்தான பிறகு அந்தக் கடனுக்கென்று பணம் வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை. ஒருவர் கொத்தடிமை என்று சொல்லும் இடத்தில், அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கவேண்டியது கொடுத்தவர்தான். கடனுக்கு ஈடாக உழைத்தவர் குடியிருந்த வீட்டைவிட்டும் அவரை வெளியேற்ற முடியாது.

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தப் பூட்டுக்குச் சாவி பெரும்பாலும் தொழிலாளியின் நாணயம். வாங்கின காசுக்கு உழைத்துத் தீர்க்கவேண்டும், இல்லாவிட்டால் அது துரோகம் என்று அவர் மனதார நம்புகிறார். அதிகாரி வந்து கேட்டாலும், ‘ஆமாங்க, நாங்கதான் வாங்கினோம்’ என்பார். முதலாளி எதிரில் விசாரித்தால் அதுகூட வராது. ஆகவே விசாரணை தனியாக, தோட்டத்துக்கு வெளியே நடக்கவேண்டும் என்று உடன் போகிறவர்கள் வற்புறுத்த வேண்டும்.

பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களிடம் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தோட்டம் மாறவேண்டுமானால் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டுச்சீட்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல் அங்கே அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ‘அவன் கடனை நான் தந்துவிடுகிறேன், ஆளை அனுப்புங்கள்’ என்று இன்று இரண்டு தோட்டக்காரர்கள் பேசிக்கொண்டால் அதுவும் துண்டுதான்.

இந்த மலையில் முதலில் நினைக்கவேண்டியவர்கள் பளியர்கள். தேனும் கடுக்காயும் கல்பாசியும் எடுத்து வாழ்ந்த பழங்குடிகள், காட்டுக்குள் போக்குவரத்து குறுகக் குறுகத் தோட்டக் கூலியைச் சார்ந்தார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. அந்த உரிமை கையில் இருந்து, அவசரத்துக்கு நாலு காசு சொந்தமாகக் கிடைத்தால், முன்பணத்துக்குக் கை நீட்டவேண்டிய நிலை பாதி குறையும். கொத்தடிமைத் தடுப்பு என்றால் ரெய்டு மட்டும்தான் என்று நினைப்பது தவறு. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமையாக வைத்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து பாயும்.

மனு கொடுக்கவேண்டியது மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ. தொழிலாளியேதான் கொடுக்கவேண்டும் என்பதில்லை, உறவினர், ஆசிரியர், சங்கத்தார் யாரும் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100, வன்கொடுமைப் புகாருக்கு 14566, பழம் எடுக்கவோ மருந்தடிக்கவோ குழந்தைகளை இறக்கியிருந்தால் 1098. விசாரணையில் உறுதியானால் விடுதலைச் சான்று தரவேண்டும். அந்தக் காகிதம் மிக முக்கியம், அதைக் கையில் வாங்காமல் ஊர் திரும்பக்கூடாது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய்வரை. முழுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடிய வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். முழுத் தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பது பெரிய அநியாயம். விடுபட்டவர் பட்டினி தாங்காமல் மறுபடி முன்பணம் வாங்குவது அந்த இடைவெளியில்தான்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் மீட்கப்பட்டபோது, வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படத்தை நாடே பார்த்தது. சட்டம் வந்து 43 ஆண்டு கழிந்த பிறகும் அதன் பெயரால் வந்தவரை அவர் தெய்வமாகப் பார்த்தார்.

தோட்டக்காரர்களுக்கும் சொல்லவேண்டும். முன்பணம் கொடுத்தால் கணக்கை இரண்டு நோட்டில் எழுதி ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுங்கள். கூலி விகிதத்தை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வாரக் கூலியைக் கையில் கொடுங்கள், மனைவியின் கூலியை மனைவியிடம். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டை வாங்கி வைக்காதீர்கள். ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ ஏஜெண்டு மூலம் வந்தவர்களானால், அவரிடம் என்ன பணம் கைமாறியது என்று கேளுங்கள். தோட்டம் சிறியது, ஆள் நாலு பேர்தான் என்பது தப்பிக்கும் வழியல்ல. தோட்டத் தொழிலாளர் சட்டங்களுக்கு ஏக்கர் கணக்கும் ஆள் கணக்கும் உண்டு, கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு இல்லை.

மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்கவேண்டும் என்பதும், ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் உறுப்பினராக இருக்கவேண்டும் என்பதும் இதே சட்டத்தில் உள்ளது. அந்த மூவர் யார், குழு கடைசியாக என்றைக்குக் கூடியது என்று நவம்பர் 1 கிராம சபையில் எழுந்து கேட்கலாம். காபிப் பழ எடுப்புக்கு ஆள் பேசும் காலம் அது.