நிறம் மாறும் இலைகள்

நர்சரியில் மஞ்சளும் சிவப்புமாக மினுக்கிய குரோட்டன்ஸ், ஃபிளாட்டின் வரவேற்பறைக்கு வந்த சில நாட்களிலேயே இலைகளைக் கொட்டத் தொடங்குகிறது. மாதக் கடைசியில் மிஞ்சுவது ஒரு குச்சி. ‘எனக்குச் செடி ராசி இல்லை’ என்று தொட்டி மாடிப்படிக்கு நாடு கடத்தப்படுகிறது. மும்பையானாலும் தில்லியானாலும் இதே கதைதான். சோகம் என்னவென்றால், பல சமயங்களில் அந்தக் குச்சி சாகவே இல்லை.

இலை உதிர்வது நோயல்ல, எதிர்ப்பு. இடம், வெளிச்சம், ஈரம் மூன்றும் ஒரே நாளில் மாறினால் குரோட்டன்ஸ் இப்படித்தான் கோபித்துக்கொள்ளும். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் பலர் செய்வது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது. கொலை அங்கேதான் நடக்கிறது. இலையில்லாத செடி அதிகம் குடிக்காது, வேர் அழுகிவிடும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது நல்லது.

மலேசியா, இந்தோனேசியா, பசிபிக் தீவுகள் இதன் தாயகம். 1860களில் தென்கடல் தீவுகளுக்குப் போன ஜான் கூல்ட் வீட்ச் போன்ற ஆங்கிலேய நர்சரிக்காரர்கள் இதன் ரகங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடி வீட்டில் சூடேற்றி வளர்க்க வேண்டியிருந்தது. இங்கோ வேலியாகவே வளர்ந்தது. அடிப்படையில் வெயில் செடி. சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கும் அலங்காரப் பொருள் அல்ல.

நிறத்தின் சூட்சுமமும் வெளிச்சம்தான். வெளிச்சம் குறைந்தால் துளிர்க்கும் இலைகள் முதிர்ந்த பிறகும் நிறம் ஏறாமல் பச்சையாகவே நின்றுவிடும். அறை நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியலாம். செடிக்கு அது இருட்டு. காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னலை ஒட்டி வைத்தால் புது இலைகளில் சிவப்பு திரும்பும். ஒரு முறை வைத்த இடத்தை அடிக்கடி மாற்றக் கூடாது.

தில்லிக்காரர்களுக்குக் கூடுதல் தலைவலி. ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். 15க்குக் குறைந்தாலே இந்தச் செடி முனகும். குளிர்காலத்தில் தெற்கு ஜன்னலின் உட்புறம்தான் பத்திரம். மே மாத ‘லூ’ காற்று பால்கனியில் இருக்கும் இலைகளைக் கருக்கிவிடும். ஏசி அறையின் வறண்ட காற்றில் செஞ்சிலந்திப் பேன் வரும். வாரம் ஒரு முறை இலையின் அடிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.

தாவரவியலில் ‘குரோட்டன்’ என்பது வேறு இனம். பேதிக்குப் பெயர்போன நேர்வாளம் அந்த இனத்தைச் சேர்ந்தது. நம் தொட்டிச் செடியின் பெயர் கோடியம் வேரிகேட்டம். ஆமணக்குக் குடும்பத்து ஒன்றுவிட்ட சொந்தம் என்பதால் இதற்கும் சில முரட்டுக் குணங்கள் உண்டு. கிள்ளினால் வடியும் பால் தோலில் அரிப்பு தரும், துணியில் கறையாகும். இலையைத் தின்றால் வயிற்றைப் பிடுங்கும். தவழும் குழந்தையோ நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் தரையில் வைக்காதிருப்பது நல்லது.

ஓங்கி வளர்ந்து அடியில் மொட்டையான செடியையும் தூக்கி எறிய வேண்டாம். மழைக்காலத்தில் தண்டில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசி வைத்து பாலிதீனால் கட்டினால், சில வாரங்களில் உள்ளே வெள்ளை வேர்கள் தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தனித் தொட்டியில் நடலாம். அடியில் நிற்கும் மொட்டைக் குச்சியும் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும்.