தண்ணீர்மலைப் பயணம் தலைக்கவசத்தோடு தொடங்கட்டும்

தைப்பூசத் திருநாள் நெருங்குகிறது என்றாலே பினாங்குத் தீவின் இந்துப் பெருமக்களின் உள்ளம் தண்ணீர்மலையை நோக்கித் திரும்பிவிடும். 1894ஆம் ஆண்டு முதல் பவனி வரும் வெள்ளி இரதமும், 2017ஆம் ஆண்டு முதல் வலம் வரும் தங்க இரதமும் நகர வீதிகளை நிறைக்க, பால்குடங்களும் காவடிகளும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து பாலதண்டாயுதபாணியின் சந்நிதியை அடைகின்றன.

இந்தத் திருக்கூட்டத்தில் பாயான் பாரு வட்டாரத்து அன்பர்களும் பெருந்திரளாகக் கலந்துகொள்கின்றனர். 1972இல் தொடங்கப்பெற்ற பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிளே அன்றாட வாகனம். திருவிழாவுக்குச் செல்வதும் அதிலேதான். பத்துக் கிலோமீட்டருக்கும் கூடுதலான அந்தப் பயணம் பழக்கப்பட்டதுதானே என்ற எண்ணமே ஆபத்தின் தொடக்கம்.

2023ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் மூவரில் ஏறத்தாழ இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இது வெறும் கணக்கன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் விளக்கேற்றி வைத்து வாசலைப் பார்த்திருந்த ஒரு தாய் உண்டு.

நேர்த்திக்கடனும் நிதானமும்

நம் நாட்டில் தலைக்கவசம் 1973ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் கோயிலுக்குச் செல்லும் நாளில் மட்டும் சிலர் அதை வீட்டில் வைத்துவிடுகின்றனர். திருநீறு கலையுமே, தலையில் சூடிய பூ கசங்குமே என்ற கவலை அவர்களுக்கு. கலைந்த திருநீற்றை மீண்டும் இட்டுக்கொள்ளலாம். உடைந்த தலையை என் செய்வது?

முடியிறக்கிய அன்பர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். நேற்றுவரை இறுக்கமாக இருந்த தலைக்கவசம் மழித்த தலையில் தளர்ந்து ஆடும். தாடைப் பட்டையை இறுக்கிப் பூட்டாவிட்டால், கீழே விழும்போது கவசம் முதலில் கழன்று ஓடும். தலை தனியே தரையில் மோதும்.

சேலையணிந்து பின்னால் அமரும் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். காற்றில் பறக்கும் முந்தானை பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் ஒரு நொடியில் விபரீதம் நேரும். வேட்டிக்கும் துண்டுக்கும் இதே விதிதான். கைக்குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு, பின்னால் மனைவியையும் பால்குடத்தையும் ஏற்றிச் செல்வது பக்தியாகாது. குடும்பத்தோடு செல்வோர் பேருந்தையோ உறவினர் காரையோ நாடுவதே அறிவுடைமை.

வண்டிக்கு மாலை சூட்டி, எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்வது நம் மரபு. அந்த மாலை முன்விளக்கையோ பக்கக் கண்ணாடியையோ மறைக்கலாகாது. 1992ஆம் ஆண்டு முதல் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி நடப்பிலிருக்கக் காரணம், எதிரே வருவோர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதே.

கார் ஓட்டும் அன்பர்களுக்கு

பொறுப்பு ஒரு பக்கத்தது மட்டுமன்று. சிறிய உருவம் தொலைவில் இருப்பதாகவே நம் கண்ணுக்குத் தோன்றும். எனவே எதிரே வரும் மோட்டார் சைக்கிள் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளியிருப்பதாக எண்ணி, சந்திப்பில் பலர் காரைத் திருப்பிவிடுகின்றனர். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ பதினேழு மீட்டர் கடக்கிறது என்பதை அறிந்தவர் அவ்வாறு அவசரப்பட மாட்டார்.

இடப்பக்கம் திரும்புமுன் கண்ணாடியை மட்டும் நம்பாமல் தோளுக்குப் பின்னாலும் ஒரு முறை பாருங்கள். சாலையோரம் நிறுத்திக் கதவைத் திறக்குமுன்னும் அதையே செய்யுங்கள். பினாங்குப் பாலத்திலும், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்திலும் கடற்காற்று இலேசான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே மோட்டார் சைக்கிளை உரசிக்கொண்டு முந்தாதீர்கள். மழை வந்தால் அவர்களுக்கு இன்னும் கூடுதலாக இடம் விடுங்கள்.

திரும்பும் பயணமே பெரிது

கண்விழித்து இரதத்தைத் தொடர்ந்து நடந்து, தண்ணீர்ப் பந்தலில் தொண்டாற்றி, விரதத்தால் உடல் தளர்ந்த நிலையில் விடியற்காலையில் வண்டியை எடுப்பவர் பலர். சிலர் நேரே தொழிற்சாலை வேலைக்கும் விரைகின்றனர். துன் டாக்டர் லிம் சோங் யூ நெடுஞ்சாலையின் நேரான பாதையில், களைத்த கண்கள் தாமே மூடும். கொட்டாவி வந்தால் வண்டியை நிறுத்துங்கள். பந்தலிலேயே ஒரு மணி நேரம் உறங்கி எழுந்து புறப்படுவதில் இழிவொன்றுமில்லை.

கோயில் நிர்வாகத்தாரும் பந்தல் அமைக்கும் புரவலர்களும் மனம் வைத்தால், அன்னதானத்தோடு ஓய்வுக்கென ஒரு மூலையும் நான்கு பாய்களும் ஒதுக்கலாம். அதுவும் உயிர்காக்கும் தானமே.

வேண்டுதல் நிறைவேறியதற்கு நன்றி சொல்ல மலையேறும் நாம், வீடு திரும்பி அந்தப் பிரசாதத்தைப் பெற்றோர் கையில் கொடுத்தால்தான் பயணம் முழுமை பெறும். எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் துணை நிற்க, அனைவரும் நலமே சென்று நலமே திரும்புவோமாக.